இரட்டை விசில்

ஒற்றை விசிலுக்கு வண்டி நிற்கும்,
இரட்டை விசிலுக்கு நகரும்.
இருபத்தாறு வருஷம்
நாகர்கோவில் – குலசேகரம் தடத்தில்
என் மூச்சு செய்த வேலை இவ்வளவுதான்.

இப்போது அந்த மூச்சில் ஒரு கட்டி.
வலது நுரையீரல், மேல் மடல்.
சிகரெட் தொட்டதில்லை. கேட்காதீர்கள்,
எல்லோரும் கேட்டாயிற்று.

நெய்யூரில் டாக்டர் ஷைனி
மருந்துச் சீட்டின் பின்புறம் வட்டம் வரைந்தார்.
"இது டி செல், உங்கள் காவல்.
அந்நியனை அடையாளம் கண்டால் மட்டும் பாயாது.
கூடவே இன்னொரு சைகை வரவேண்டும்.
ஒன்று மட்டும் வந்தால்
மரத்துப்போய் உட்கார்ந்துவிடும்."

இரட்டை விசில், என்றேன்.
நிமிர்ந்து பார்த்தார்.

பாய்ந்ததை நிறுத்தவும் வழி உண்டாம்.
காய்ச்சல் தணிந்ததும்
உடம்பின் சொந்தச் செல்களே
மெல்ல ஒற்றை விசில் கொடுக்கும்:
போதும், ஆள் இறங்கணும்.
அது கேட்காவிட்டால்
ஒரு சாதாரணச் சளிக்கு
வீட்டையே கொளுத்திவிடும் காவல்.

என் கட்டி அந்த விசிலைக் களவெடுத்திருந்தது.

டிக்கெட் எடுக்காதவர்கள் எத்தனை பேர்!
அழகியமண்டபத்தில் ஏறி
ரப்பர் ஷீட் கட்டுக்குப் பின்னால்
குறட்டை விட்டு நடித்தவன்,
செக்கிங் ஏறுமுன்
ஓடும் வண்டியில் குதித்துக் காலொடித்தவன்.
என் விசிலையே வாயில் வைத்து ஊதி
வண்டியை நிறுத்தியவன்
இவன் ஒருத்தன்தான்.

காவல் வந்துதான் இருந்ததாம்.
கட்டியைச் சுற்றி, கையெட்டும் தூரத்தில்,
இன்ஜின் உறும,
விசிலுக்குக் கட்டுப்பட்டு.
எங்கள் டிரைவர் ஏசுவடியானைப்போல
விதி மீறாத நல்ல ஆட்கள்.

மருந்து கட்டியைத் தொடாது.
டிரைவரின் காதை அடைக்கும், அவ்வளவே.
மூன்று வாரத்துக்கு ஒரு பாட்டில்.
திருவட்டாறு விளையில் பதினெட்டு சென்ட் போயிற்று,
பால் வெட்டுகிற மரங்களோடு.
லீலாபாய் ஒன்றும் சொல்லவில்லை.
ஆதாரத்தில் கையெழுத்திடும்போது
பேனா எழுதவில்லை என்றாள்.
எழுதியது.

நாலாவது பாட்டிலுக்குக் கட்டி
புன்னைக்காய் அளவுக்குச் சுருங்கியது.
ஐந்தாவதில் வயிறு.
ஒரே நாளில் பதினாலு முறை, ரத்தத்தோடு.
கட்டியைத் தாண்டிப் போன வண்டி
பெருங்குடலுக்குள் புகுந்திருந்தது.
காது அடைத்தவனுக்கு
எது கள்ள விசில், எது நல்ல விசில்?

ஸ்டீராய்டு. ஒன்பதாம் கட்டில்.
கண்ணாடியில் யாரோ ஒரு பருத்த மனிதன்.

வேர்க்கிளம்பி தாண்டி ஒருநாள்
பர்ஸ் களவு போனது.
ஒரு பையனைப் பிடித்து
மொத்த வண்டியும் அடித்தது.
ஊதினேன், ஊதினேன்,
உதடு வெடிக்க ஊதினேன்.
பர்ஸ் சீட்டுக்கு அடியில் கிடந்தது.
பையனின் பல் படிக்கட்டில்.
அடித்தவர்கள் எல்லோரும்
தினம் என்னோடு வருகிறவர்கள்,
சில்லறை சரியாகத் தருகிறவர்கள்.

அதைச் சொன்னபோது டாக்டர் சொன்னார்:
டி செல்லிலேயே ஒரு இனம் இருக்கிறது.
அதே குடும்பம், அதே காக்கி.
மற்றவற்றைக் கையமர்த்துவதுதான்
அதற்கு முழுநேர வேலை.
எண்ணிக்கையில் கொஞ்சம்.
அது இல்லாமல் பிறக்கும் குழந்தைகள்
பெரும்பாலும் தாங்குவதில்லை.

மருந்தை நிறுத்திவிட்டார்கள்.
புன்னைக்காய் அப்படியே இருக்கிறது,
வளரவுமில்லை, இறங்கவுமில்லை.
அடுத்த ஸ்கேன் ஆவணியில்.

நேற்று ஏசுவடியான் வந்தான்.
பழைய பித்தளை விசிலைத்
தலையணைக்கு அடியில் வைத்துப் போனான்.
நர்ஸ் ஃப்ரீடா அந்தப் பக்கம் திரும்பியதும்
எடுத்து ஊதிப் பார்த்தேன்.

ஒன்று வந்தது.
வார்டு முழுக்க ஒரு நொடி நின்றது.
இரண்டாவதுக்குக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன்,
யாரிடம் என்று தெரியாமல்.